சோழவரத்தில் இன்னொரு டேக்

மக்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். ஓப்பன் வேர்ல்ட் கேம் ஒண்ணுல பைக் ஜம்ப்புக்கு நீங்களே ராம்ப் வெக்கணும்னா எதை முதல்ல பார்ப்பீங்க? பாதிப் பேர் ராம்ப்பைத் தூக்கி ஏதோ ஒரு மாடி விளிம்புல வெச்சிட்டு, ஃபுல் த்ராட்டில்ல வந்து பறந்து பார்ப்பாங்க. கொஞ்சம் அனுபவம் இருக்கிறவங்க தலைகீழா யோசிப்பாங்க. எங்க இறங்கணும்கிறதை முதல்ல முடிவு பண்ணுவாங்க. அப்புறம் வேகம் எடுக்க எவ்வளவு நீள ரோடு இருக்குன்னு பார்ப்பாங்க. ராம்ப் கடைசியாத்தான் வரும்.

ஜிடிஏ வைஸ் சிட்டியில 36 ஸ்டண்ட் ஜம்ப், சான் ஆண்ட்ரியாஸ்ல 70, ஜிடிஏ ஃபைவ்ல 50. இதுல உருப்படியான எந்த ஜம்ப்பை எடுத்தாலும் அதுக்குப் பின்னாடி இந்தக் கணக்குதான் இருக்கும்.

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்திக்கோங்க. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம்னா நொடிக்கு 20 மீட்டர். 30 டிகிரி ராம்ப்ல இந்த வேகத்துல ஏறினா, காற்றுத் தடையை விட்டுட்டுப் பார்த்தா, கிட்டத்தட்ட 35 மீட்டர் தள்ளி அதே உயரத்துல இறங்கலாம். இப்போ வேகத்துல வெறும் 10 சதவீதம் குறையட்டும். தூரம் வேகத்தோட வர்க்கத்தைப் பொறுத்தது இல்லையா, அதனால 19 சதவீதம் போயிடும். 35 மீட்டர் 28 மீட்டர் சொச்சமா சுருங்கிடும். இறங்குற ராம்ப் 35வது மீட்டர்ல இருந்தா, நீங்க ஏழு மீட்டர் முன்னாடியே தரையில இருப்பீங்க. 1967 டிசம்பர் 31 அன்னிக்கு லாஸ் வேகஸ்ல, சீசர்ஸ் பேலஸ் ஹோட்டல் நீரூற்றுக்கு மேல 141 அடி தாண்டப் பார்த்த ஈவெல் நீவெலுக்கு இதுதான் நடந்துச்சு. தூரம் கொஞ்சம் குறைஞ்சது. அவர் இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் நொறுங்கிப் போச்சு.

இதுல ஒரு வசதி என்னன்னா, இறங்குற ராம்ப் நகராது. வெச்ச இடத்துலயே இருக்கும். அந்த இடமே பறந்துக்கிட்டு இருந்தா என்ன ஆகும்? பைக் மேல நிக்கிற ஒருத்தர், தலைக்கு மேல போற ஹெலிகாப்டரோட கால் கம்பியைப் பிடிச்சு ஏறணும்னா?

கேம்ல இது ஒரு மிஷன். நிஜத்துல இது 1980ல நம்ம ஏரியாவுக்குப் பக்கத்துல நடந்துச்சு. அதைச் செஞ்சவர் பெயர் ஜெயன். அவரைப் பத்தித்தான் இந்தக் கட்டுரை.

கடற்படையிலிருந்து கோடம்பாக்கத்துக்கு

மலையாள நண்பர்கள் இருக்கிறவங்க ஜெயன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஸ்டேஜ்ல மிமிக்ரி பண்றவங்க நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்தி ஒரு ஆளைச் செஞ்சு காட்டுவாங்களே, அவர்தான். ஆனா மிமிக்ரியில வர்றது அவரோட நிழல்தான். நிஜ ஆள் வேற.

1939 ஜூலை 25ல கேரளாவின் கொல்லத்தில் பிறந்தார். இயற்பெயர் கிருஷ்ணன் நாயர். சின்ன வயசுலயே இந்தியக் கடற்படையில் சேர்ந்து, அங்கே பதினைந்து வருஷத்துக்கு மேல வேலை பார்த்தார். சினிமாவில் பிறகு எல்லாரும் பார்த்து வியந்த அந்த உடற்கட்டும், முதுகை நேரா வெச்சு நிக்கிற பழக்கமும் கப்பலில் வந்தது. ஜிம் போய் ஆறு மாசத்துல ஏத்தினது இல்ல.

1974ல வந்த 'சாபமோட்சம்' படம்தான் அவரை வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது. அப்போ அவருக்கு வயசு முப்பத்தஞ்சு. இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. இருபத்தொரு வயசுல பிளேஸ்மென்ட் வரலைன்னா வாழ்க்கையே போச்சுன்னு நினைக்கிற கூட்டம் நாம. அந்த மனுஷன் ஒரு முழு வேலையை முடிச்சிட்டு, முப்பதுகளின் நடுவுல புதுசா ஒரு துறையில சின்னச் சின்ன ரோல்ல இருந்து ஆரம்பிச்சார்.

அப்போ மலையாள சினிமாவோட பெரும்பகுதி வேலை மெட்ராஸ்லதான் நடந்தது. ஸ்டுடியோ, லேப், டப்பிங் தியேட்டர் எல்லாம் கோடம்பாக்கம், வடபழனி பக்கம். அதனால ஜெயனோட சினிமா வாழ்க்கையில பாதி நம்ம ஊர்க் கதை. முதல்ல வில்லன், இரண்டாவது ஹீரோ மாதிரி வேஷங்கள். 1978ல வந்த 'தச்சோளி அம்பு' மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப் படம். பிரேம் நசீர், நம்ம சிவாஜி கணேசன் இருந்த அந்தப் படத்துல ஜெயனும் இருந்தார். அடுத்த வருஷம் ஹரிஹரன் இயக்கிய 'சரபஞ்சரம்' வந்தது. அதுல குதிரையைப் பராமரிக்கிற வேலையாள் வேஷம். அந்தப் படம் அவரைத் தனி ஹீரோவாக்கியது.

1980ல ஐ.வி.சசி இயக்கத்தில் 'அங்காடி'. கோழிக்கோடு மார்க்கெட்ல மூட்டை தூக்குற தொழிலாளி வேஷம். ராயபுரத்துலயோ காசிமேட்டுலயோ வளர்ந்தவங்களுக்கு இந்த ஆளைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டாம். தலையில துண்டைச் சுத்திக்கிட்டு, முதுகுல எடையை ஏத்திக்கிட்டு, வண்டிக்கும் கிடங்குக்கும் நடுவுல நாள் முழுக்க நடக்கிற ஆள். படத்துல ஒரு இடத்துல, தன்னைக் கேவலமாப் பேசுற பணக்காரங்களுக்கு முன்னாடி அந்தக் கூலித் தொழிலாளி திடீர்னு சரளமா இங்கிலீஷ்ல திருப்பிக் கொடுப்பார். கேரளாவே எழுந்து நின்னு கை தட்டிச்சு. இங்கிலீஷ் தெரிஞ்சாத்தான் மரியாதையாங்கிற கேள்வி அந்த ஒரே சீன்ல இருக்கு. நம்ம காலேஜ்ல தமிழ் மீடியத்துல இருந்து வந்தவங்ககிட்ட அந்த சீனைப் போட்டுக் காட்டுங்க. சப்டைட்டில் தேவைப்படாது.

அதே 1980ல தமிழ்லயும் ஒரு படம் பண்ணினார். 'முள்ளும் மலரும்', 'உதிரிப்பூக்கள்' எடுத்த மகேந்திரன் இயக்கிய 'பூட்டாத பூட்டுகள்'. பொன்னீலன் எழுதிய கதையை வெச்சு எடுத்த படம், இசை இளையராஜா. சண்டையை நம்பாத ஒரு இயக்குநர், சண்டைக்குப் பேர் போன ஒரு நடிகரைக் கூப்பிட்டிருக்கார். அடுத்தடுத்து தமிழ்ப் படங்கள் வந்திருக்கலாம். அதுக்கு நேரம் இருக்கல.

மொத்தம் ஆறேழு வருஷம். அதுக்குள்ள நூறு படங்களுக்கு மேல. இதுல ஒரு விஷயம் அவருக்கு அடையாளமாவே ஆயிடுச்சு. டூப் வேண்டாம்னு சொல்லிடுவார். குதிக்கணும்னாலும், தொங்கணும்னாலும், மிருகத்தோட மோதணும்னாலும் தானே இறங்குவார். கிராஃபிக்ஸ் இல்லாத காலம். திரையில தெரியுற ஆபத்து நிஜ ஆபத்துதான்.

சோழவரம் ஏன்?

நம்மில் பலருக்கு சோழவரம்னா மழைக்காலச் செய்தி. பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கத்தோட சேர்த்து ஏரியில எவ்வளவு தண்ணி இருக்குன்னு படிப்பாங்களே, அந்தப் பெயர். திருவொற்றியூர்ல இருந்து மணலி, மாதவரம் வழியா செங்குன்றம் தாண்டினா வந்துடும்.

ஆனா அங்கே இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒண்ணு இருந்தது. போர் முடிஞ்சதும் விமானம் வரல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை ரேஸ் டிராக்கா மாத்திக்கிச்சு. 1990ல இருங்காட்டுக்கோட்டையில தனி டிராக் வர்ற வரைக்கும் தென்னிந்தியாவின் கார், பைக் ரேஸுக்கு சோழவரம்தான் முகவரி.

இப்போ ராம்ப் வெக்கிறவர் கண்ணோட அந்த இடத்தைப் பாருங்க. நேரான, நீளமான, தட்டையான தார்ப் பாதை. எதிர்ல வண்டி வராது. மின்கம்பி குறுக்கே போகாது. பைக் வேகம் எடுக்க இடம் இருக்கு. ஹெலிகாப்டர் தாழ்வாப் பறக்க இடம் இருக்கு. கேம்ல ஒரு ஸ்டண்ட்டுக்கு மேப்ல எந்த இடத்தைத் தேடுவீங்களோ, அந்த இடம். 'கோளிளக்கம்' படத்தோட கிளைமாக்ஸை அங்கே எடுக்கணும்னு நினைச்சதுல ஆச்சரியமே இல்ல. இடத் தேர்வு சரிதான்.

நகர்கிற ராம்ப்பின் கணக்கு

சீன் இதுதான். வில்லன் ஹெலிகாப்டர்ல தப்பிக்கிறான். வில்லன் வேஷத்துல பாலன் கே.நாயர், 'ஒப்போள்' படத்துக்காக தேசிய விருது வாங்கிய பெரிய நடிகர். கீழே ஒரு பைக் துரத்துது. ஓட்டுறது சுகுமாரன், அதாவது நமக்குத் தெரிஞ்ச பிருத்விராஜோட அப்பா. பின்னாடி ஜெயன் எழுந்து நிக்கிறார். ஹெலிகாப்டரோட கால் கம்பியை, அதாவது ஸ்கிட்டை, பிடிச்சுத் தொங்கி மேல ஏறணும். இயக்குநர் பி.என்.சுந்தரம்.

முதல் பார்வைக்கு இது ராம்ப் ஜம்ப்பை விட ஈஸி மாதிரித் தோணும். பைக்கும் ஹெலிகாப்டரும் ஒரே திசையில ஒரே வேகத்துல போனா, ஒண்ணுக்கொண்ணு சார்பான வேகம் பூஜ்யம். எலெக்ட்ரிக் டிரெயின் மெதுவா நகரும்போது கூடவே ஓடி ஏறுறவங்க செய்யுறதும் அதே பிசிக்ஸ்தான். கையால பிடிக்கிற அந்த நொடி வரைக்கும் பிரச்சினை இல்ல.

பிரச்சினை பிடிச்ச பிறகு. பைக் மேல நிக்கிற வரைக்கும் அவரோட எடையை ரோடு தாங்குது. கால் பைக்கை விட்ட அடுத்த நொடியே அந்த முழு எடையும் ஹெலிகாப்டருக்குப் போகுது. அதுவும் நடுவுல இல்ல, ஒரு ஓரத்துல. ஒரு உதாரணக் கணக்கு: 80 கிலோ எடை, மையக் கோட்டுல இருந்து ஒரு மீட்டர் தள்ளித் தொங்குதுன்னு வெச்சுக்குவோம். கிட்டத்தட்ட 800 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை, ஒரே பக்கமா, ஒரே நொடியில. பைலட் உடனே எதிர்ப் பக்கம் ஸ்டிக்கைச் சாய்ச்சுச் சமாளிக்கணும். சின்ன ஹெலிகாப்டர்ல அந்தச் சமாளிப்புக்கு ஒரு எல்லை இருக்கு. தொங்குற ஆள் சும்மாவும் இருக்க மாட்டார். ஊஞ்சல் மாதிரி ஆடுவார், மேல ஏறப் பார்ப்பார். எடையோட இடம் மாறிக்கிட்டே இருக்கும்.

இதே தடுமாற்றம் ஐந்நூறு அடி உயரத்துல வந்தா, சரி பண்ண பைலட்டுக்குச் சில நொடிகள் கிடைக்கும். ஆனா பைக்ல நிக்கிற ஆளோட கைக்கு எட்டணும்னா ஹெலிகாப்டர் தரையை ஒட்டித்தான் பறக்கணும். தப்பைத் திருத்திக்கத் தேவையான உயரத்தை இந்த ஸ்டண்ட்டோட வடிவமே எடுத்துடுது. அது மட்டும் இல்ல. ஹெலிகாப்டர் இறங்கினா முதல்ல தரையில படுறது அதுக்குக் கீழே தொங்குற மனுஷன்தான்.

1980 நவம்பர் 16

அன்னிக்கு ஞாயிற்றுக்கிழமை. ஷாட் எடுத்தாங்க. சரியா வந்தது. இயக்குநர் ஓகே சொல்லிட்டார். இந்த இடத்துல கேமராவை மூடி வீட்டுக்குப் போயிருந்தா, ஜெயன் இன்னொரு நூறு படம் பண்ணியிருப்பார்.

ஜெயனுக்குத் திருப்தி இல்ல. இன்னும் நல்லா வரும்னு நினைச்சார். இன்னொரு டேக் கேட்டார். படக் குழுவில் இருந்தவங்க பிறகு சொன்ன விவரம் இதுதான். மறுபடி பைக் கிளம்பிச்சு, ஹெலிகாப்டர் தாழ்ந்து வந்துச்சு, அவர் கம்பியைப் பிடிச்சார். இந்தத் தடவை ஹெலிகாப்டர் நிலை தடுமாறி, தொங்கிக்கிட்டிருந்த அவரோட சேர்ந்து தரையில மோதிச்சு. உள்ளே இருந்த பாலன் கே.நாயர் காயத்தோட பிழைச்சார். ஜெயனை மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. செங்குன்றம் ரோட்டுல சென்ட்ரல் பக்கம் வர்றதுக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும். அன்னிக்கு மழை வேற. அவரைக் காப்பாத்த முடியல. வயசு 41.

உடல் கொல்லத்துக்குப் போனது. படம் அடுத்த வருஷம் வெளியானது. அவர் குரல் பதிவாகாமலே இருந்ததால ஆலப்பி அஷ்ரஃப்னு ஒரு மிமிக்ரி கலைஞர் ஜெயனுக்காகப் பேசினார். ஜெயன் குரலை இன்னொருத்தர் பேசுறது அங்கே ஆரம்பிச்சது. இன்னிக்கு ஸ்டேஜ்லயும் அது நிக்கல.

எதிர்பாராத மரணம்னாலே வர்ற மாதிரி சதிக் கதைகளும் கிளம்பிச்சு. நாற்பது வருஷம் தாண்டியும் யூடியூப்ல ஓடுது. நான் அதுக்குள்ள போகல. மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்க. அந்த விபத்துக்கு வில்லன் தேவையே இல்ல.

ரீட்ரை பட்டன்

இப்போ உங்ககிட்ட நேராவே பேசுறேன். ஜெயன் செஞ்சது முட்டாள்தனம்னு ஒரு வரியில முடிக்க எனக்கு இஷ்டமில்ல. டூப் வேண்டாம்னு ஒரு ஸ்டார் சொல்றதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு. தனக்குப் பதிலா, பெயர் கூட டைட்டில்ல வராத ஒரு சண்டைக் கலைஞரை அந்தக் கம்பியில தொங்க விடலை. அது பெரிய மனசு. நல்லா வந்ததை இன்னும் நல்லாக் கொண்டு வரணும்னு நினைக்கிறதும் தப்பு இல்ல. ப்ராஜெக்ட்ல, கோடிங்ல, நாடகத்துல அந்தக் குணத்தைத்தான் எல்லாரும் பாராட்டுறோம்.

ஆனா கேம்ல அந்தக் குணத்துக்கு விலை கிடையாது. ராம்ப்பை ரெண்டு டிகிரி திருப்பி வெச்சு நூறு தடவை விழுந்து பார்க்கலாம். ஒவ்வொரு தடவையும் ஏதோ கத்துக்கிறோம், எதையும் இழக்கல. நிஜத்துல ஒவ்வொரு டேக்கும் அதே சீட்டை மறுபடி குலுக்குறது. ஒரு தடவைக்கு இருபதுல ஒரு பங்கு ஆபத்துன்னு ஒரு உதாரணத்துக்கு வெச்சுக்கோங்க. கேக்கச் சின்னதாத் தெரியும். நாலு தடவை செஞ்சா அது கிட்டத்தட்ட 19 சதவீதம். பத்து தடவைன்னா 40 சதவீதம். இதுல ஏமாத்துற விஷயம் என்னன்னா, முதல் மூணு தடவை நல்லா முடிஞ்சா நமக்குப் பயம் குறையுது. ஆபத்து குறையறது இல்ல. முன்னாடி வந்த வெற்றி, அடுத்த டேக்குக்கு ஒரு கிலோ பாரத்தைக் கூடக் குறைச்சுத் தராது.

அப்போ யார் நிறுத்தியிருக்கணும்? இதுக்கு பதில் தேட நம்ம ஏரியாவை விட்டு வெளியே போக வேண்டாம். மணலியிலயோ எண்ணூர்லயோ இன்பிளான்ட் டிரெயினிங் போனவங்க வொர்க் பெர்மிட் பார்த்திருப்பீங்க. உயரத்துல ஏறணும், டேங்குக்குள்ள இறங்கணும், வெல்டிங் பண்ணணும்னா, வேலை செய்யுற ஆள் எவ்வளவு சீனியரா இருந்தாலும் தனக்குத் தானே கையெழுத்துப் போட்டுக்க முடியாது. வேலையில இறங்காத இன்னொருத்தர், தலை குளிர்ச்சியா இருக்கிற ஒருத்தர், பார்த்துக் கையெழுத்துப் போடணும். துறைமுகத்துல கிரேன் வேலையில இதை விட எளிமையா ஒரு விதி இருக்கு. தூக்கு, இறக்கு, திருப்புன்னு கை காட்டுறது ஒரே ஒரு சிக்னல்மேன். கிரேன் ஓட்டுறவர் அவர் ஒருத்தர் கையைத்தான் பார்க்கணும். ஆனா நிறுத்துங்கிற சைகையை மட்டும் யார் காட்டினாலும் கிரேன் நிக்கணும். புதுசா வந்த ஹெல்ப்பர் காட்டினாலும் நிக்கணும்.

படப்பிடிப்புத் தளத்துல அந்தக் கை இருக்கல. ஓகே சொல்ல இயக்குநர் இருந்தார். நிறுத்துன்னு சொல்ல ஆள் இல்ல. அதுவும் எதிர்ல நிக்கிறது மாநிலமே கொண்டாடுற ஸ்டார். அவர் ஒன் மோர் கேட்டா யார் வேண்டாம்பாங்க? தைரியம் அதிகமா இருக்கிற ஆள்கிட்டயே முடிவையும் விட்டுட்டோம்னா, அந்த முடிவு எந்தப் பக்கம் சாயும்னு முன்னாடியே தெரியும்.

இது 1980 விஷயம் மட்டும் இல்ல மக்களே. எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவுல முன் சக்கரத்தைத் தூக்குற பசங்களை எல்லாரும் பார்த்திருக்கோம். நிறைய நேரம் முதல் வீலி நல்லாத்தான் வரும். ரீல்ஸ்ல ஃப்ரேம் சரியா விழலைன்னு இன்னொரு தடவை கேக்குறது ஓட்டுறவன் மட்டும் இல்ல, பின்னாடி ஃபோன் பிடிச்சிருக்கிறவனும்தான். அந்த ஃபோன் பல தடவை நம்ம கையில இருக்கும். அப்போ நாம வெறும் ஆடியன்ஸ் இல்ல, சிக்னல்மேன். கையை உயர்த்தி நிறுத்தச் சொல்ற உரிமை நமக்கு இருக்கு. போதும், வந்துடுச்சு, கிளம்பலாம்னு சொன்னா கொஞ்சம் திட்டுவான். சாயங்காலம் டீக்கடையில மறந்துடுவான்.

ராம்ப் வெக்க ஆசை இருக்கிறவங்க கேம்ல தாராளமா வெச்சுப் பாருங்க. இறங்குற இடத்தை முதல்ல குறிங்க, வேகத்துல 10 சதவீதம் குறைஞ்சாலும் தாங்குற மாதிரி இறங்குற ராம்ப்பை நீளமாப் போடுங்க. ஜெயனைப் பார்க்கணும்னா 'அங்காடி'யில இருந்து ஆரம்பிங்க. அந்த மூட்டை தூக்குற தொழிலாளி நிமிர்ந்து நிக்கிற நிற்பைப் பாருங்க. அந்த நிற்புக்கு ஹெலிகாப்டர் தேவையே பட்டிருக்காது.